படத்துக்கு வடிவான பனி

ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் குடியேறியபின் வந்த இரண்டாவது பனிக்காலம், தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கல்கரியில் இருக்கும் என் தம்பி எங்களை மலை பார்க்கக் கூட்டிப்போனான். பனிமலையில் சேலையோடு நிற்கும் படமொன்றை ஆளில்லாத ஊரில் தனித்துக் கிடக்கிறோம் என்று யாழ்ப்பாணத்தில் பயந்துகொண்டிருக்கும் அம்மாவுக்கு அனுப்ப வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம்.

வீதியோரப் பனியெல்லாம் மிதிபட்டுக் கிடந்தது. அது படத்துக்கு வடிவில்லை என்று ஜக்கற்றைக் கழற்றிவிட்டு, கால் படாத சரிவில் ஏறினேன். கமராவோடு கீழே நின்ற கணவர், "இன்னும் கொஞ்சம் மேலை ஏறும்" என்றார்.

திடீரென்று காலடியில் 'தொம்' என்று ஒரு சத்தம். நின்ற பனி சற்றே தாழ்ந்தது. அதே கணத்தில் கணவர் படத்தையும் எடுத்துவிட்டார். வான் வண்டிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த தம்பி பாய்ந்து வந்தான்.

"அக்கா, ஏறின காலடியிலையே மெல்ல இறங்கி வாங்கோ!"

நான் இறங்கியதும் அவன் சரிவைக் காட்டிச் சொன்னான். "மேல்பனி பலகை மாதிரி இறுக்கம். அடியிலை இருக்கிறது சீனி மாதிரி, ஒட்டாது. அதுதான் 'தொம்' எண்டு இடிஞ்சது. இன்னும் கொஞ்சம் இடிஞ்சிருந்தால் மேலை கிடக்கிறதெல்லாம் சரிஞ்சு வந்து மூடியிருக்கும்."

ரொறன்ரோவில் பிலிமைக் கழுவியபோதுதான் கண்டேன். நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். என் தலைக்கு மேலே, சரிவின் குறுக்கே, நூல் பிடித்ததுபோல் ஒரு வெடிப்பு. அதை அம்மாவுக்கு அனுப்பவில்லை; வெளியே போகும்போதெல்லாம் கண்ணில் படட்டும் என்று அந்தப் படம் இப்போது எங்கள் வாசற்கதவின் உட்புறத்தில் இருக்கிறது.

அடுத்த வருடமும் போனோம். அங்குள்ளவர்களிடம் விசாரித்து, சரிவுகளுக்கு வெகுதூரத்தில், சமதரையில், சேலைக்கு மேல் ஜக்கற்றோடு நின்றேன். சுற்றிவர யார் யாருடையவோ காலடிகள். அந்தப் படத்தைத்தான் அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மா பதில் எழுதியிருந்தார்: "பிள்ளை, உங்கை இவ்வளவு சனம் நடமாடுது. இனி எனக்குப் பயமில்லை."