‘ஆச்சுங்க சார்’: மலைப்பள்ளியில் ஒரு காலை உணவு

புதன்கிழமை காலை ஐந்தரை மணிக்குச் சேலத்தில் பஸ் ஏறினேன். ஏற்காட்டுக்கு முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள். அரசுப் பள்ளிகளின் இலவசக் காலை உணவுத் திட்டத்தைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. மஞ்சக்குட்டை தாண்டி ஒரு சிற்றூர்ப் பள்ளியில் சமையலை நிறுத்திவிட்டு, வேறு பள்ளியில் சமைத்ததை ஜீப்பில் அனுப்பலாமா என்பதுதான் இந்த முறை கேள்வி. அங்கே பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டிலேயே சாப்பிட்டு வருவதாக முந்தைய கணக்கெடுப்பு சொன்னது.

ஏழு மணிக்கு ஏற்காட்டில் ஷேர் ஜீப் கிடைத்தது. ஆளுக்கு நாற்பது ரூபாய்.

“பள்ளிக்கூடத்துக்குங்களா? போன தடவ வந்தவரு அரைமணியில திரும்பிட்டாருங்க” என்றார் டிரைவர்.

“நான் அப்படிப்பட்ட ஆள் இல்லைங்க” என்றேன், கொஞ்சம் மிடுக்காகவே.

7.45. பள்ளிச் சமையலறையில் மகளிர் குழுவைச் சேர்ந்த செல்வி பொங்கல் கிளறிக்கொண்டிருந்தார். “வாங்க சார். சாப்பிட்டாச்சுங்களா?”

“ஆச்சுங்க” என்றேன். பச்சைப் பொய். பஸ் நிலையத்தில் ஒரு டீ குடித்ததோடு சரி. முதல் முறை பார்க்கிறவரிடம் பசிக்கிறது என்று யார் சொல்வார்கள்?

எட்டு மணிக்குப் படிவத்தில் இருந்த கேள்வியை அப்படியே பிள்ளைகளிடம் கேட்டேன். “வீட்டில் காலை உணவு உண்டாயா?”

“ஆச்சுங்க சார்.”

அடுத்த பிள்ளையும், “ஆச்சுங்க சார்.”

ஐந்தாவது பிள்ளையும் அதையே சொன்னபோதுதான் உறைத்தது. கால் மணி நேரத்துக்கு முன் நான் சொன்ன அதே ‘ஆச்சுங்க’. வெட்கமாகப் போய்விட்டது. படிவத்தை மடித்து வைத்தேன்.

அடுத்து நின்றவள் மூன்றாம் வகுப்பு மல்லிகா. “ஊட்டுல என்ன சாப்பிட்ட, கண்ணு?”

அவள் செல்வியைப் பார்த்தாள். பிறகு, “வரக்காப்பிங்க” என்றாள்.

“அப்புறம்?”

“அவ்வளவுதாங்க. அம்மா வெடியறதுக்குள்ளயே எஸ்டேட்டுக்குப் போயிருச்சுங்க.”

காப்பிப் பழம் பறிக்கும் பருவம் அது. எல்லோரையும் மறுபடி கூப்பிட்டு இப்படியே கேட்டேன். இருபத்திரண்டு பேரில் பத்தொன்பது பேர் வயிற்றில் பாலில்லாத காப்பி மட்டும்தான்.

“ஏனுங்க சார், வெளியாளு கேட்டா சாப்புடலீன்னு சொல்லுமுங்களா? பெத்தவளுக்குக் கேவலமில்லீங்களா? நொம்ப ரோசக்காரப் புள்ளைங்க” என்றார் செல்வி.

நானும் தட்டேந்தி வரிசையில் உட்கார்ந்தேன். ஆவி பறந்த பொங்கல் அந்தக் குளிருக்கு அமிர்தமாக இருந்தது. ஜீப்பில் குலுங்கி வந்தால் இந்தச் சூடு இருக்காது.

9.15. கிளம்பும்போது செல்வி கேட்டார். “அடுப்பு இங்கயே இருக்குமுங்களா?”

“இருக்கும். அப்படித்தான் எழுதுவேன். மேலதிகாரிகள் கேட்காவிட்டால் நேரில் போய்ச் சண்டை போடுவேன்.”

ஜீப்பில் ஏறும்போது மல்லிகா ஓடி வந்தாள். “சார், அம்மாகிட்டச் சொல்லீராதீங்க.”

“எதை, கண்ணு?”

“நான் வரக்காப்பின்னு சொன்னத.”

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். சேலத்தில் எங்கள் வீட்டில் தோசை பத்து நிமிடம் தாமதமானால் என் மகள் மாடி வீடு வரைக்கும் கேட்கக் கத்துவாள். அன்று சாயங்காலமே அறிக்கையை முடித்தேன். சமையல் அங்கேயே தொடர வேண்டும் என்று அழுத்தமாக எழுதி, எண்ணிக்கையையும் சேர்த்தேன். பிள்ளைகளின் பெயருக்கான கட்டங்களைக் காலியாக விட்டேன். இங்கே மல்லிகா என்று எழுதியிருப்பதும் அவள் பெயர் அல்ல.