வலப்பனை அவரைக்கொடியில் பட்டை போட்ட வண்டு

சனிக்கிழமை காலை. கந்தப்பளையில் பஸ் ஏறும்போது பனி விலகவில்லை. ராகலை தாண்டி வலப்பனைப் பக்கம் இறங்க இறங்க, போர்த்திய கம்பளி உடம்பில் சுட்டது. தங்கை லெட்சுமியின் கைப்பிள்ளைக்கு மறுநாள் காதுகுத்து. மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் நான்.

பகலில் தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வரிசையை அடைந்தால் அவள் வாசலில் வேப்பிலை தொங்குகிறது. பக்கத்து வீட்டுக் காம்பராவில் அவள் பிள்ளை பாலுக்கு வீரிடுகிறது.

"மச்சான், உள்ள போயிராதீங்க. ஆத்தா எறங்கியிருக்கா," என்று மறித்தார் தங்கை கணவர் முனியாண்டி. "நாளைக்குக் காலையில லொறி வருது. தொத்துநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறாங்க. புள்ளைய அவகூட விடமாட்டாங்களாம்."

அம்மை என்று பேர் வைத்துவிட்டால் எங்கள் சனம் கிட்டப்போய்ப் பார்க்காது. கேள்வி கேட்பதே தெய்வக்குற்றம். எனக்கு வாய் சும்மா இருக்காதே! உள்ளே போனேன். இரண்டு கைகளிலும் கொப்புளம். முகத்தில் ஒன்றுகூட இல்லை. காய்ச்சலும் இல்லை.

"கையால எதைம்மா தொட்ட?"

"அவரைப் பூவை வண்டு தின்னுச்சுண்ணே. கொழுந்து கிள்ற மாதிரி ரெண்டு கையாலயும் பறிச்சு நசுக்குனேன்."

லயத்துக்குப் பின்னால் கொடியில் இன்னும் இருந்தன: கறுப்பு முதுகில் மஞ்சள் பட்டை. என் விதைக்கடைக்கு வரும் ஒருவர், இப்படியொரு வண்டின் நீர் பட்டால் தோல் வெந்துவிடும் என்று சொன்ன ஞாபகம். அதே வண்டுதானா? தெரியாது. வெறும் வாயால் சொன்னால் யார் நம்புவார்? ஒன்றைப் பிடித்து எல்லோர் முன்னாலும் என் முன்கையில் நசுக்கித் தேய்த்தேன்.

"ஐயையோ, பைத்தியமா உங்களுக்கு!" என்றார் முனியாண்டி.

பொழுது சாய்ந்தது. படுக்கும்போதும் வெறும் தோல்தான். பிள்ளை அழுது களைத்துப்போனது. கொப்புளம் வரவேண்டுமே என்று சாமியை வேண்டியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஞாயிறு காலை லொறிச் சத்தத்தில் விழித்தேன். கை எரிந்தது. நீளமாக ஒரு கொப்புளம்! பனியனோடு ஓடினேன். லொறியோடு வந்த தோட்டத்து டாக்டர் என் கையையும் லெட்சுமியின் கையையும் மாறிமாறிப் பார்த்தார். கொடியில் இருந்த வண்டைக் குச்சியால் புரட்டினார். பிறகு லொறியைத் திருப்பி அனுப்பினார்.

லெட்சுமியின் கைகளில் துணி சுற்றியிருந்ததால் முனியாண்டிதான் பிள்ளையை அவள் மார்போடு பிடித்துக்கொண்டார். அது குடித்த வேகத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. காதுகுத்து தள்ளிப்போனது, அதைப் பற்றி யாரும் பேசவே இல்லை.

பிற்பகல் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பெண், மடியில் பிள்ளை. கம்பியைப் பிடித்த என் கையைக் கண்டதும் முந்தானையால் பிள்ளையை மூடிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள்.

"அம்மையில்லம்மா, வண்டு பட்ட கொப்புளம்," என்றேன். அவள் நம்பவில்லை.

சுருக்கென்று கோபப்படுகிற எனக்கு அன்று கோபம் வரவில்லை. எழுந்து பின்னால் போய் நின்றேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தாள்.