தும்பைப்பூ வெள்ளை

அந்தத் தெருவில் பல்லுக்காரர் வீடு என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். அவர் பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்துப் பீங்கானில் பல் செய்து கொடுக்கிறவர். கடைத்தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் பின்பக்க அறையில், ஜன்னலை ஒட்டி அவருடைய மேஜை. கண்ணாடித் தட்டில் பீங்கான் பொடியைக் குழைத்து, மெல்லிய தூரிகையால் தொட்டுத் தொட்டுப் பல்லை வளர்ப்பார். சூளையில் வைத்துச் சுடுவார். ஆறியதும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு இன்னொரு பூச்சு கொடுப்பார். ஊரில் பாதிப் பேர் அவர் செய்த பல்லைக் காட்டித்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரையும் அவர் பார்த்ததில்லை. வருவது வெறும் அச்சு, போவது வெறும் பல். நடுவில் முகம் என்று ஒன்று கிடையவே கிடையாது.

வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டு என்று அவருக்குத் தெரியும். தேநீர் குடிக்கிறவரின் வெள்ளை, சிறுவயதில் காய்ச்சல் கண்டவரின் வெள்ளை, வயதானவருக்கு வரும் மஞ்சளோடிய வெள்ளை. கல்யாணம் நிச்சயமானவர்களுக்கு மட்டும் இதெல்லாம் பிடிக்காது. "தும்பைப்பூ மாதிரி வேணுமாம் சார்" என்று முதலாளி சீட்டை நீட்டுவார். "போட்டுக் குடுத்துடுங்க. கரண்ட் போனா வீட்டுக்கு விளக்காச்சு." பல்லுக்காரரும் சிரித்துவிட்டு, இருப்பதிலேயே வெளுத்த பொடியை எடுப்பார்.

வீட்டுக்குப் பின்னால் நான்கு துணிக்கொடி கட்டுகிற அளவுக்கு மண் கிடந்தது. அது மனைவியின் ராஜ்ஜியம். ரோஜா, மல்லிகை, செம்பருத்தி, இரண்டு வரிசை கீரை என்று அவள் அதைக் கண்ணும் கருத்துமாக வைத்திருந்தாள். அவருக்கு அந்த இடம் சட்டை காயும் இடம், அவ்வளவுதான். காய்ந்த சட்டையைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டு திரும்பும்போது காலில் தொட்டி இடித்தால், அங்கே செடி இருப்பது நினைவுக்கு வரும்.

வெளிநாட்டில் இருந்த மகளுக்குப் பிரசவம் என்று மனைவி கிளம்பிப் போனாள். குழந்தை தவழ ஆரம்பித்ததும் திரும்பிவிடுவதாகப் பேச்சு. குழந்தை தவழ்ந்தது. மகள் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். குழந்தை நடந்தது. காப்பகத்தில் விட்டார்கள், அங்கே போனதிலிருந்து சளி விடவில்லை. ஒவ்வொரு தடவையும் காரணம் நியாயமாகவே இருந்ததால் அவரால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபோன் வரும். நலம் விசாரிப்பது ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அப்புறம் அவள் கேட்பாள்.

"என்னங்க, ரோஜா எப்படி இருக்கு?"

"ஜம்முனு இருக்கு."

முதல் தடவை அப்படிச் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தபிறகுதான் பின்கதவைத் திறந்து பார்த்தார். ரோஜா பல் குத்தும் குச்சி மாதிரி நின்றுகொண்டிருந்தது. பதறிப்போய் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். வாரம் முழுக்க ஊற்றினார். வறட்சியில் சாகாமல் தாக்குப்பிடித்த வேர் வெள்ளத்தில் அழுகிப்போனது.

"மொட்டு விட்டிருக்கா?" என்று அடுத்த வாரம் மனைவி கேட்டாள்.

"விட்டிருக்கு. மூணு நாலு இருக்கும்."

பொய் சொல்வதற்கும் சரக்கு வேண்டியிருந்தது. ரோஜா எப்படி இருக்கிறது என்ற கேள்விக்குப் பின்னால் மல்லிகை வந்தது, கீரை வந்தது, மதில் ஓரத்து ஈரம் வந்தது. சும்மா 'நல்லா இருக்கு' என்றால் ஃபோன் சீக்கிரம் முடிந்துவிடும். முடிந்தால் மறு ஞாயிறுவரை அவரிடம் பேச ஆளில்லை. அதனால் ஃபோன் வருவதற்கு முன்னால் கொல்லைப்பக்கம் போய் ஒரு சுற்று சுற்றிச் சேதி சேகரித்துக்கொண்டு வர ஆரம்பித்தார்.

மழைக்காலம் பிறந்தது. மனைவி நட்டவையெல்லாம் தலை சாய்ந்தன, நடாதவையெல்லாம் தலை தூக்கின. குப்பைமேனி வந்தது. பெயர் தெரியாத ஏதோ ஒரு கொடி மதிலில் ஏறியது. செங்கல் இடுக்கில் பாசி, துணி துவைக்கும் கல்லின் நிழலில் குடை குடையாகக் காளான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீரைப்பாத்தி இருந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி நின்றது. தண்டைச் சுற்றிப் பந்து பந்தாகப் பச்சை, அதிலிருந்து சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள் எட்டிப்பார்த்தன.

"அது என்ன செடிம்மா? பூவுல கீழ் உதடு மட்டும் பெருசா இருக்கு. குழந்தை நாக்கை நீட்டிக் காட்டுற மாதிரி."

மனைவி சிரித்தாள். "அது தும்பைங்க. களை. பிடுங்கிப் போடுங்க."

அவர் பிடுங்கவில்லை. தும்பைப்பூ, தும்பைப்பூ என்று வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் கேட்டுவந்த பெயர். அந்தப் பெயரில் பல் செய்துகொண்டே இத்தனை நாள் அந்தப் பூவை அவர் பார்த்ததில்லை. ஒரு பூவைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சமையலறை ஜன்னலுக்கு வந்தார். ஊர் நினைக்கிற வெள்ளை அதில் இல்லை. வளைவுக்குள் லேசான நீலம் தேங்கிக் கிடந்தது. விளிம்பில் வெள்ளை முடிந்து, கண்ணாடி மாதிரி வெளிச்சம் ஊடுருவியது. நல்ல பல்லின் நுனியும் அப்படித்தான் இருக்கும். அவ்வளவு நேரம் நின்றதில் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து தீய்ந்துபோனது.

மறுநாள் வேலை முடிந்து வரும் வழியில், பள்ளிப் பிள்ளைகள் வாங்குகிற வண்ணப் பெட்டி ஒன்றும் தடித்த தாளும் வாங்கினார். தூரிகை அவரிடமே இருந்தது.

வெள்ளைத் தாளில் வெள்ளைப் பூவை வரையப் போனவர் நன்றாக மாட்டிக்கொண்டார். முதல் படம் பஞ்சுத் துண்டு மாதிரி இருந்தது. இரண்டாவது அதைவிட மோசம், கடைவாய்ப் பல் மாதிரி வந்தது. அவரே அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். அந்த வீட்டில் வெகுநாளாகச் சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை என்பது, சிரித்து முடித்தபிறகு கூடத்தில் பரவிய அமைதியில் அவருக்கு உறைத்தது. பூவை விட்டுவிட்டு அதைச் சுற்றியிருந்த நிழலை மட்டும் வரைந்து பார்த்தார். நடுவில் விட்ட வெற்றிடம் பூவாகிவிட்டது. அதைச் சாப்பாட்டு மேஜையில், தண்ணீர்ச் செம்பின்மேல் சாய்த்துவைத்துக்கொண்டு அன்றைக்குச் சாப்பிட்டார். மனைவி போனதிலிருந்து அடுப்பங்கரையில் நின்றபடியே இரண்டு வாய் போட்டுக்கொள்கிறவர், அன்றைக்குத்தான் உட்கார்ந்து சாப்பிட்டார்.

மழை ஓய்ந்து குளிர் வந்தது. காலையில் கொல்லையில் எல்லாமே ஒரு கை சாம்பல் தூவினாற்போல இருக்கும். குப்பைமேனி இலைகளைப் புழு அரித்துச் சல்லடையாக்கியிருந்தது; அந்த ஓட்டைகளின் வழியே தெரிந்த மதிலின் சிவப்பை வரைந்தார். பழுத்த செம்பருத்தி இலை ஒன்றில் மஞ்சள் நரம்போரமாக நடந்து போய், நுனியில் பழுப்பாக முடிவதை இரண்டு ஞாயிறு உட்கார்ந்து வரைந்தார். வாடுவதிலும் ஒரு வரிசை இருந்தது. பீங்கான் பொடியில் கிடைக்காத நிறங்கள் எல்லாம் அங்கே கேட்பாரற்றுக் கிடந்தன.

மாடிவீட்டு அம்மாவிடம் ஒரு படத்தைக் காட்டிப் பார்த்தார். அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்துவிட்டு, "மூட்டு வலிக்கு இதை அரைச்சுத்தானே போடுவாங்க?" என்று கேட்டார். அதற்குமேல் யாரிடமும் காட்டவில்லை. ஃபோனில் சொல்லலாம். ஆனால் களையை வரைகிறேன் என்று சொன்னால், பிடுங்கச் சொன்ன களை ஏன் இன்னும் நிற்கிறது என்ற கேள்வி வரும். அங்கிருந்து ரோஜாவுக்கு எத்தனை தூரம்? அதனால் ரோஜா ஃபோனில் பூத்துக்கொண்டே இருந்தது.

வேலையிடத்தில் முதலாளி ஒருநாள் ஒரு பல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன சார், நுனியில ஒரு நீலம் ஓடுது?"

"வேண்டாம்னா எடுத்துடறேன்."

"எடுக்காதீங்க. பல்லு நிஜமாவே முளைச்ச மாதிரி இருக்கு. பயமா இருக்கு, கடிச்சிடும்போல."

குளிர் முடிகிற சமயத்தில் மனைவி வந்தாள். மகளின் மாமியார் அங்கே போய்ப் பொறுப்பை ஏற்றுக்கொண்டதில் இவளுக்குக் கொஞ்ச நாள் லீவு கிடைத்திருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் இளைத்துவிட்டீர்கள் என்றாள். அவளும் இளைத்திருந்தாள். ராத்திரி வந்து சேர்ந்த களைப்பில் அவள் பின்கதவைத் திறக்கவில்லை. காலையில் அவள் எழுவதற்குள் அவர் வேலைக்குப் போய்விட்டார். போகும்போது பின்கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனால் என்ன என்றுகூட ஒரு யோசனை வந்தது. வெட்கப்பட்டு விட்டுவிட்டார்.

சாயங்காலம் திரும்பியபோது வாசல் கேட்டுக்கு வெளியே செடிக்குப்பை மலையாகக் குவிந்திருந்தது. தும்பை, குப்பைமேனி, மதிலில் ஏறியிருந்த கொடி, எல்லாமே வேரோடு. மேலே இருந்தவை வாடியிருந்தன, உள்ளே இருந்தவை இன்னும் பச்சையாக இருந்தன. அவர் பையைக்கூடக் கீழே வைக்காமல் அங்கேயே நின்றார்.

"வந்துட்டீங்களா? தோட்டத்தைக் காடாக்கி வெச்சிருக்கீங்களே! இடுப்பு ஒடிஞ்சுபோச்சு எனக்கு" என்று சொல்லிக்கொண்டே மனைவி முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றாள். "என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. தலைவலி."

அவர் உள்ளே போய் முகம் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். வெளியே வந்தபோது அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். அலமாரியில் துணி அடுக்கப் போனவளுக்குப் படங்கள் கிடைத்திருந்தன. மேஜை நிறையப் பரப்பிவைத்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் நீங்க போட்டதா?"

"ம்."

"இது நம்ம மதிலா? இவ்வளவு நல்லாவா இருந்துது?" அவள் படங்களைப் புரட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, "என் ரோஜா எங்க? ஒண்ணுலகூட இல்லையே" என்றாள்.

அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அது நீ போன கொஞ்ச நாள்லயே செத்துப்போச்சு. உங்கிட்ட சொல்லல."

"தெரியும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மொட்டு விட்டிருக்குன்னு சொன்னீங்களே, அப்பவே தெரியும். கிளையை வெட்டிவிட்டுட்டுத்தான் நான் கிளம்பினேன். அந்த வெயில்ல அது எங்க மொட்டு விடும்?"

"அப்புறம் ஏன் வாராவாரம் கேட்ட?"

அவள் ஒரு படத்தின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். "அங்க பேச்சுக்கு யாரு இருக்கா? ரெண்டு பேரும் காலையில ஓடுனா இருட்டுறப்பதான் வர்றாங்க. குழந்தையோட ஜன்னலைப் பார்த்துட்டு உக்காந்திருப்பேன். பூத்திருக்குன்னு நீங்க சொன்னா கேக்க நல்லா இருந்துது. அதான் கேட்டேன்."

மேஜை விளிம்பில் தொங்கிய தும்பைப் படத்தை அவர் உள்ளே நகர்த்தி வைத்தார்.

"களையைப் பிடுங்காதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏன் அதுல கை வெக்கிறேன்?" என்றாள் பிறகு.

"களையைப் பிடுங்காதேன்னு எந்த வாயால சொல்றது?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. ஆனால் சிரிப்பு அடங்கியதும் அவள் அவர் பக்கம் பார்க்காமல் சொன்னாள். "நான் திரும்பிப் போனா இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஆகும்போல இருக்குங்க. பொண்ணு மறுபடியும் உண்டாகியிருக்கா. நீங்களும் வந்துடுங்களேன்."

"அங்க எனக்கு என்ன இருக்கு?"

"நான் இருக்கேனே."

அதற்கு உடனே ஒரு பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டிய பதில் எது என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் ஜன்னலோர மேஜை, கொல்லை, முழுக்கத் துடைத்துவிட்ட அந்த மண்ணில் அடுத்து என்ன வரும் என்ற எண்ணம், எல்லாம் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்து நின்றதில் வாய் திறக்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, படங்களை அடுக்கி ஓரம் தட்டி வைத்தாள். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஊருக்குப் போகிற அன்று, செம்பருத்தி இலை வாடுகிற படத்தை மட்டும் கேட்டு வாங்கி, பெட்டியில் துணிகளுக்கு நடுவே மடங்காமல் வைத்துக்கொண்டாள். புறப்படும்போது வாசலில் நின்று அவர் கையைப் பிடித்து, "நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்றாள். வண்டி தெரு முனையில் திரும்புகிறவரை அவர் நின்றார். திரும்பியபிறகும் நின்றார்.

வெயில் காலம் ஆரம்பித்தது. கொல்லையில் மண்ணைத் தவிர வேறொன்றும் இல்லை. மல்லிகை மட்டும் மூலையில் பெயருக்கு நாலு இலையோடு இருந்தது. தூரிகையை எடுத்துக்கொண்டு வெறும் தரைக்கு எதிரே உட்காருவதற்கு அவருக்கே ஒரு மாதிரி இருந்தது. இருந்தாலும் உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஃபோன் வந்தது. குழந்தைக்கு மறுபடி சளி. சம்பந்தியம்மாவுக்கும் சளி. எல்லாம் சொல்லி முடித்துவிட்டு மனைவி கேட்டாள். "தோட்டம் எப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. வெறும் மண்ணுதான்."

"சரி. மண்ணு என்ன நிறத்துல இருக்கு?"

அவர் ஃபோனைக் காதில் வைத்தபடியே பின்கதவைத் திறந்து படியில் உட்கார்ந்தார்.

"இரு, பார்த்துச் சொல்றேன். மேல வெளிறிப் போயிருக்கு. வெடிச்ச இடத்துல உள்ள எட்டிப்பார்த்தா செங்கல் பொடி மாதிரி. மதில் ஓரமா மட்டும் கொஞ்சம் கறுப்பா, ஈரம் எங்கயோ அடியில இருக்குன்னு நினைக்கிறேன்…"

அந்தப் பக்கம் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. "இருங்க, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள். அவர் காத்திருந்தார். அவள் வருவதற்குள் தரையில் வெயில் ஒரு சாண் நகர்ந்து, அவர் சொல்லிவைத்திருந்த நிறங்களில் பாதி மாறிப்போயிற்று. மறுபடி முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தார்.