முனுசாமி சார் அளந்த காற்று

செய்தி கொண்டுவந்தவர் முனுசாமி சாரின் மருமகன். காலை ஏழு மணிக்கு எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் மொபெட்டை நிறுத்தி, இறங்காமலேயே சொன்னார்: "மாமா போய்ட்டாரு சார். நேத்து சாயங்காலம் பேப்பர் படிச்சிக்கினே சாஞ்சிட்டாரு. பதினோரு மணிக்கு எடுக்கறோம்."

"என்னிடம் சொல்லும்படி யார் சொன்னது?" என்று கேட்டேன். அதுதான் என் வாயில் முதலில் வந்தது. அவர் முகம் சுருங்கியது. "யாரும் சொல்லல சார். தெரிஞ்சவங்க எல்லாருக்கும் சொல்றோம்" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். எல்லாருக்கும் சொல்கிறவர் எங்கள் வரிசையில் வேறு எந்த வீட்டின் முன்னும் நிற்கவில்லை என்பதையும் கவனித்தேன். முனுசாமி சாரை அறிந்த உங்களுக்கு இதைப் படிக்கச் சங்கடமாக இருக்கலாம். ஆனால் அவருக்கும் எனக்கும் இடையே எது நடந்தாலும் இப்படித்தான் நடந்தது. அஞ்சலி என்பதற்காக அதை மாற்றி எழுத எனக்கு வரவில்லை.

தொழிற்சாலையின் கருவிப் பிரிவில் அவர் எனக்கு மேலதிகாரி. வெள்ளானூரில் தலைமுறை தலைமுறையாக நெல் பயிரிட்ட குடும்பம். பத்தாவது முடித்து, பெஞ்சில் உதவியாளாகச் சேர்ந்து, கை வேலையாலேயே போர்மேன் ஆனவர். நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இயற்பியல் பட்டத்தோடு வந்தவன். அதனால் அவருக்கு நான் எப்போதும் "பியெஸ்ஸி"தான். காலையில் என் கண் சிவந்திருந்தால், "இன்னா பியெஸ்ஸி, ராவெல்லாம் ரயில் ஓட்டினியா?" என்பார். பிரிவு முழுதும் சிரிக்கும். நான் சிரித்ததில்லை.

எங்கள் வேலை அழுத்தமானிகளைச் சரிபார்ப்பது. கேஜ் என்றுதான் நாங்கள் சொல்வோம். பெஞ்சில் கேஜைப் பொருத்தி, வழிகளை எல்லாம் அடைத்து, அழுத்தத்தை மெதுவாக ஏற்றி, முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு பொட்டுக் காற்றுகூட வெளியேறக் கூடாது. அதில் அவரைப் போல் இன்னொருவர் இல்லை. இதை நான் ஒப்புக்கொள்வதில் அவர் உயிரோடு இருந்தபோதும் எனக்குத் தடை இருந்ததில்லை. தடை வேறு விஷயங்களில்.

எண்பதுகளின் நடுவில் எனக்குப் பதவி உயர்வு வர வேண்டிய வருடம் அது. என்னைப் பற்றிய ரகசிய அறிக்கையில் ஒரே ஒரு வரி: "பணி நேரத்தில் தூங்குகிறார்." ஆபீஸ் கிளார்க் ஒருவர் மூலம் எனக்குத் தெரிந்தது. எனக்குப் பின்னால் சேர்ந்தவருக்கு அந்தப் பதவி போயிற்று. நேரே போய்க் கேட்டேன்.

"எழுதியது நீங்களா சார்?"

"நான்தான். தூங்கினே, எழுதினேன். நாளைக்குத் தூங்கினாலும் எழுதுவேன்."

மறுப்பார் என்று எதிர்பார்த்துப் போனவன் நான். மறுத்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். இவ்வளவு வெளிப்படையாகச் சொல்கிறவன் எதையோ மறைக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது. பதவி பெற்றவர் அவருக்கு உறவா, ஒரே ஊரா, ஒரே சங்கமா என்று மாதக்கணக்கில் விசாரித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததாலேயே சந்தேகம் கூடியது. அவர் ஓய்வு பெறும்வரை வேலை சம்பந்தமில்லாத ஒரு வார்த்தை நான் அவரிடம் பேசியதில்லை. பிரிவுபசாரக் கூட்டத்துக்கும் போகவில்லை.

அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு, தொண்ணூறுகளின் பின்பாதியில், அந்த விபத்து நடந்தது. பெஞ்சில் அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். கேஜ் கண்ணாடி தெறித்தது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் மருத்துவக் குழுவுக்கு முன் நிறுத்தப்பட்டேன். நகரத்து மருத்துவர் ஒருவர் உடம்பெல்லாம் ஒயரை ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்தார். தூக்கத்தில் என் தொண்டை மூடிக்கொள்கிறது, மூச்சு நின்று நின்று வருகிறது, அதனால்தான் பகலில் இந்தத் தூக்கம் என்றார். மூக்கில் மாஸ்க் மாட்டி, மெஷின் வழியாக விடாமல் காற்றைச் செலுத்தினால் தொண்டை திறந்திருக்குமாம். அழுத்தம் பன்னிரண்டு சென்டிமீட்டர் தண்ணீர், அதாவது குழாயில் தண்ணீரை அவ்வளவு உயரம் தள்ளி நிறுத்துகிற காற்று. சிங்கப்பூரில் இருந்த மைத்துனர் மெஷினைக் கொண்டுவந்தார். மருத்துவமனையில் அழுத்தத்தை வைத்துக் கொடுத்து, பின்பக்கத் திருகைத் தொடாதீர்கள் என்றார்கள். மருத்துவக் குழு ஆறு வாரம் அவகாசம் கொடுத்தது. அதற்குள் பகல் தூக்கம் நிற்காவிட்டால், உடல் தகுதியில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். என் மகள் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள்.

அந்த மெஷினோடு என்னால் பத்து நிமிடம் படுக்க முடியவில்லை. ஓடுகிற ரயிலின் ஜன்னலுக்கு வெளியே முகத்தை நீட்டிக்கொண்டு தூங்கச் சொன்னால் எப்படி இருக்கும்? மூச்சை உள்ளே இழுக்கலாம், வெளியே விட முடியாது. இரண்டு வாரம் போயிற்று.

மூன்றாவது வார ஞாயிறு, சாப்பிட்டு முடித்த நேரம், மஞ்சள் பையோடு முனுசாமி சார் வந்து நின்றார்.

"இன்னா பியெஸ்ஸி, மூஞ்சில எலிப்பொறி மாட்டிக்கினு கீறியாமே?"

"உங்களுக்கு யார் சொன்னது?"

"ஆவடில எவன் தும்மினாலும் எங்க ஊட்டுக்குக் கேக்கும்பா. தங்கச்சி, கொஞ்சம் தண்ணி குடு."

என் மனைவி சரோஜா வழக்கத்தைவிடச் சீக்கிரமாகத் தண்ணீர் கொண்டுவந்தாள். அவள்தான் ஷேர் ஆட்டோ பிடித்து வெள்ளானூர் போய் அழைத்திருக்கிறாள் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அன்று என் மனதில் ஓடியதெல்லாம் ஒன்றுதான்: தான் எழுதிய வரி சரிதான் என்று கண்ணால் பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார்.

பையிலிருந்து 'யு' வடிவக் கண்ணாடிக் குழாயை எடுத்தார். அதில் மை கலந்த தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் ஸ்கேலைக் கட்டி, ஒரு முனையை மாஸ்க்கோடு இணைத்து, மாஸ்க்கின் வாயையும் மூச்சு வெளியேறுகிற சிறு ஓட்டைகளையும் ரப்பரால் அடைத்து மெஷினை ஓடவிட்டார். தண்ணீர் பதினைந்தில் நின்றது.

"பாத்தியா? பன்னெண்டுன்னு சொல்லிட்டு பதினஞ்சு வெச்சிக்கீறானுங்க. அப்பறம் மனுசன் எப்டித் தூங்குவான்?"

நானும் பார்த்தேன். ஒரு தவறும் தெரியவில்லை. இருபது வருடமாக நாங்கள் எல்லாவற்றையும் அப்படித்தான் அளந்தோம். அவர் திருகைக் குறைத்துப் பன்னிரண்டில் நிறுத்தினார். அன்றிலிருந்து எனக்குச் சுகமாகத் தூக்கம் வந்தது. ஆனால் குறட்டை திரும்பிவிட்டதாகச் சரோஜா சொன்னாள். வியாழக்கிழமை பெஞ்சில் என் தலை சாய்ந்ததைப் பக்கத்திலிருந்தவர் பார்த்து உலுக்கினார்.

அன்று எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது போலிருந்தது. வேண்டுமென்றே செய்திருக்கிறார். மருத்துவக் குழு என்னை வீட்டுக்கு அனுப்பினால் அவர் எழுதிய வரிக்கு அரசாங்க முத்திரை விழும். மெஷினில் இன்னார் கைவைத்துவிட்டார் என்று மருத்துவ அதிகாரிக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதி உறையில் போட்டு வைத்தேன். திங்கட்கிழமை கொடுப்பதாக இருந்தேன்.

ஞாயிறன்று அவர் மறுபடியும் வந்தார். இந்த முறை கிண்டல் இல்லை. செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்: "தப்பு என்னுது பியெஸ்ஸி. வாரம் பூரா யோசிச்சிக்கினே இருந்தேன். மூடி வெச்சு அளந்துட்டேன். கேஜு மூச்சு உடாது. நீ உடறே."

மூன்று வாய் கொண்ட ஒரு சிறு இணைப்புக் குழாயைக் கொண்டுவந்திருந்தார். அதை மாஸ்க்கின் அருகே பொருத்தி, என்னை மாட்டிக்கொள்ளச் சொன்னார். மாஸ்க்கின் ஓட்டைகள் வழியாகக் காற்று போய்க்கொண்டிருக்க, நான் மூச்சு விட விட, மைத் தண்ணீர் ஏறி இறங்கி ஒன்பதைச் சுற்றியே ஆடியது. பன்னிரண்டு வரவே இல்லை. ஓட்டைகளை அடைத்து வைத்ததால்தான் முதலில் பதினைந்து காட்டியிருக்கிறது; மருத்துவமனையில் வைத்துக் கொடுத்ததுதான் சரி. நாங்கள் இருவரும் எங்கள் தொழில் ஞானத்தால் அதைக் கெடுத்திருந்தோம்.

அவர் திருகை ஏற்றினார். தண்ணீர் பன்னிரண்டுக்கு வந்தது. பழையபடி என் முகத்தில் காற்று அறைந்தது. மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்தேன்.

"இது முடியவில்லை என்றுதானே உங்களைத் தொடவிட்டேன்! இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது சார். விளையாடுகிறீர்களா?"

"கத்தாதே. பன்னெண்டு டாக்டரோடது. அத்தத் தொட நமக்கு ரைட்டு இல்ல. மத்ததெல்லாம் நம்மளுது. அதுல எவ்ளோ சுகம் கீதுன்னு பாக்கலாம், குந்து."

முதலில் மாஸ்க்கின் பட்டையைப் பார்த்தார். காற்று கசியக் கூடாது என்று நான் அதை மூக்குத்தண்டு புண்ணாகும்வரை இறுக்கியிருந்தேன். "கேஸ்கெட்ட இறுக்க இறுக்க லீக்குதான் ஜாஸ்தியாவும். இது கூடவா காலேஜுல சொல்லிக் குடுக்கல?" என்று இரண்டு பிடி தளர்த்தினார். காற்று கண்ணுக்குள் அடிப்பது நின்றது. குழாயின் கனம் மாஸ்க்கை ஒரு பக்கமாக இழுத்தது. சரோஜாவின் பழைய புடவைக் கிழிசலால் அதை ஜன்னல் கம்பியில் தூக்கிக் கட்டினார். கடைசியாக மெஷினின் முன்பக்கத்தில் சாய்ந்த கோடு வரைந்திருந்த ஒரு பொத்தானைக் காட்டினார்.

"இது இன்னா?"

"தெரியாது. தேவையில்லாததைத் தொடுவானேன் என்று விட்டுவிட்டேன்."

"ஒரு பொத்தானக் கூடவா நம்பமாட்டே?" என்று அழுத்தினார். காற்று தணிந்து, மெல்ல மெல்ல ஏறத் தொடங்கியது. பன்னிரண்டுக்கு வர இருபது நிமிடம் ஆயிற்று. "எந்த கேஜுக்காவது எடுத்தவொடனே முழு பிரஷரு குடுப்பியா? ஏத்தி ஏத்திதான குடுப்பே? உனக்கு மட்டும் ஏன் ஒரே அறையா குடுத்துக்கினே?"

என்னைப் படுக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்தார். அவர் கை மறுபடியும் திருகுக்குப் போகிறதா என்று ஒரு கண்ணைத் திறந்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது மூடினேன் என்று தெரியாது. விழித்தபோது ஐந்து மணி. தலை அத்தனை லேசாக இருந்து நான் அறிந்ததில்லை. சமையலறை வாசலில் அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மணி நேரம், ஒரு சத்தம் இல்ல. செத்துட்டானான்னு ரெண்டு தபா ஓட்டையாண்ட கைய வெச்சுப் பாத்தேன். என்னா தங்கச்சி?"

"சும்மா இருங்கண்ணே" என்றாள் சரோஜா. ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், கண்ணாடிக் குழாயில் இருந்த தண்ணீரை வாஷ்பேசினில் கொட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "அன்னிக்கு நீ தூங்கறேன்னு எழுதினேன். ஏன் தூங்கறேன்னு கேக்கல. அதுவும் மூடி வெச்சு அளந்ததுதான்."

அது மன்னிப்புக் கேட்பதா, அல்லது ஒரு போர்மேன் அளவையைப் பற்றிச் சொன்ன குறிப்பா? எனக்குப் புரியவில்லை. என்ன பதில் சொன்னாலும் அதில் சிக்கிக்கொள்வேன் என்று பயந்து, "பஸ்ஸுக்கு நேரமாகிவிடும் சார்" என்றேன். சிரித்துக்கொண்டே பையை எடுத்துக்கொண்டார். அந்தக் கடிதத்தைக் கிழித்தேன். ஆனால் அன்றே இல்லை. ஒரு வாரம் நன்றாகத் தூங்கிப் பார்த்துவிட்டுத்தான்.

மருத்துவக் குழு என்னைத் தகுதியுள்ளவன் என்றது. இன்றும் அதே பெஞ்சில் வேலை பார்க்கிறேன். அதே பதவியில்தான். அவர் எழுதிய வரியை யாரும் அடிக்கவில்லை, அடிக்கவும் முடியாது. அதை நான் மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் உங்களில் பாதிப்பேர் நம்பமாட்டீர்கள், மீதிப்பேரை நான் ஏமாற்றியவனாவேன். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று முறை வீட்டுக்கு வந்தார், சரோஜாவிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனார். அன்று சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க ஒவ்வொரு முறையும் வாயெடுத்தேன். அடுத்த முறை கேட்கலாம் என்று விட்டேன்.

பதினோரு மணிக்கு வெள்ளானூர் போயிருந்தேன். பாடைக்குப் பின்னால் ஏரிக்கரைவரை நடந்தேன். திரும்பி வந்து குளித்து, சரோஜா போட்ட ரசம் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். ஒரு பகல் பொழுதாவது விழித்துக் கிடந்து அந்த மனிதரைப் பற்றி ஒரு முடிவுக்கு வர வேண்டும், அது நான் அவருக்குச் செய்ய வேண்டியது என்று நினைத்தேன். பழக்கத்தில் கை மாஸ்க்கை எடுத்து மாட்டியது. காற்று சன்னமாகத் தொடங்கி, மெல்ல ஏறியது. முடிவுக்கு வருவதற்குள் தூங்கிப்போனேன். விளக்கு வைக்கிற நேரம்வரை, ஒரு முறைகூட மூச்சு நிற்காமல்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தத் தூக்கம்தான்.