அஞ்சலாட்சியும் மூன்று போட்டிகளும்

நெய்வேலிச் சுரங்கத்தின் கன்வேயர் கண்ட்ரோல் ரூமிலிருந்துதான் முதலில் போன் வந்தது. "மேடம், அஞ்சலாட்சி அக்கா இன்னும் டூட்டிக்கு வரல. நைட் ஷிஃப்டு ஆளு ரிலீவ் ஆகாம உக்காந்திருக்காரு. உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?" என்று ஷிஃப்டு இன்சார்ஜ் கேட்டார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அவள் ஷிஃப்டுக்குத் தாமதமாகி நான் பார்த்ததில்லை. அவள் எண்ணுக்கு அழைத்தேன். இரண்டாவது முறை அவள் கணவர் தனசேகர் எடுத்தார். "ஆஸ்பத்திரியில இருக்கோம்ங்க. நீங்க வந்துடுங்க" என்றார். என்ன ஆயிற்று என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். நான் வேலை பார்க்கும் அனல்மின் நிலையத்தின் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்திலிருந்து ஆஸ்பத்திரி ஒன்றும் தூரமில்லை. ஆனாலும் நான் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

காலையில் தோசை மாவைக் கலக்கிக்கொண்டிருந்தவள் தலை வலிக்கிறது என்று சுவரைப் பிடித்திருக்கிறாள். மூளையில் ஒரு ரத்தக் குழாய் வெடித்திருந்தது.

அவளை மரியாதையாக 'அவர்' என்று எழுதித்தான் தொடங்கினேன். எழுதியதைப் படித்தால் யாரோ ஒருவரைப் பற்றியது போலிருந்தது. அதனால் அவள், அஞ்சலை என்று நான் அழைத்தபடியே எழுதுகிறேன். டவுன்ஷிப்பில் அவளைத் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

இதை நான் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அன்று அவர்களுடைய குவார்ட்டர்ஸ் வாசலில் போட்டிருந்த பந்தலில் உட்கார்ந்திருந்தபோது பின்வரிசைப் பேச்சு காதில் விழுந்துகொண்டே இருந்தது. "இந்த வயசுல ஓடாத ஓட்டம் ஓடுச்சு. ஐஸ் தண்ணியில வேற போய் உக்காந்துகினு இருந்துச்சாம். வேற இன்னா ஆவும்?" பேசியவர் குறிஞ்சிப்பாடிப் பக்கத்து உறவினர். கெட்ட எண்ணமுள்ளவர் இல்லை, துக்கத்தில் பேசினார். ஆனால் தனசேகர் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தலையைக் குனிந்துகொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. அதே கேள்வி எனக்குள்ளும் இருந்தது. அவளைக் கொன்றது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தேர்ந்தெடுத்த விளையாட்டா?

நீந்தி முடித்து, சைக்கிள் ஓட்டி, பிறகு ஓடவும் வேண்டும், எல்லாம் ஒரே நாளில். அதுதான் டிரையத்லான். டவுன்ஷிப் நீச்சல் குளத்தில் பெண்களுக்கான நேரத்தில்தான் நாங்கள் பழக்கமானோம். இரண்டு பேருமே ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தோம். நான் நாகர்கோவிலிலிருந்து வேலைக்கு வந்தவள். அவளோ சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பத்தில் பிறந்தவள். நான் குளத்தின் ஓரத்துக் கம்பியை ஒட்டியே நீந்தினால் அவள் நடுவில் நீந்துவாள். ஒரு நாள் தண்ணீரிலிருந்து தலையை மட்டும் நீட்டி, "லில்லி, நாம ஒரு போட்டிக்குப் பேர் குடுப்போமா?" என்றாள். விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்துத் தலையாட்டினேன்.

அடுத்த வாரமே அவள் விசாரிக்கத் தொடங்கிவிட்டாள். எந்தப் போட்டி நல்லது என்று யாரிடம் கேட்டாலும் பதக்கத்தோடு எடுத்த படத்தைத்தான் காட்டுகிறார்கள். அவளுக்கு அது போதவில்லை. முடிக்காதவர்களைத் தேடினாள். போட்டிகளின் முடிவுப் பட்டியல்களில் பெயர் இருந்து நேரம் இல்லாதவர்களைப் பார்த்து, ஃபேஸ்புக்கில் தேடிப் பிடித்து, எண் வாங்கிப் பேசினாள். "ஜெயிச்சவன்கிட்ட கேட்டா அவனப் பத்திச் சொல்லுவான். பாதியில நின்னவன்கிட்ட கேட்டாத்தான் போட்டியப் பத்திச் சொல்லுவான்" என்பாள்.

அப்படி ஒரு அழைப்பின்போது நான் பக்கத்தில் இருந்தேன். சேலத்து வங்கி அதிகாரி ஒருவர். கடலில் பாதி தூரத்தில் படகில் ஏற்றப்பட்டவர். முதலில் எரிச்சலாகத்தான் பேசினார். "அத எதுக்குங்க ஞாபகப்படுத்துறீங்க?" அவள் விடவில்லை. "சார், நானும் அதே தண்ணியிலதான் எறங்கப் போறேன். ஒங்களுக்கு எந்த எடத்துல மூச்சு முட்டுச்சுன்னு மட்டும் சொல்லுங்க." பிறகு அவர் பேச ஆரம்பித்தார், நிறுத்தவே இல்லை. முதல் மிதவையைச் சுற்றித் திரும்பும் இடத்தில் எல்லோரும் நெருக்குவதை, யாரோ ஒருவரின் கால் முகத்தில் பட்டதை, அதன்பிறகு தன் கை கால் தன் பேச்சைக் கேட்காததையெல்லாம் சொன்னார். போனை வைத்த அஞ்சலை, "அப்போ திரும்பும்போது நாம வெளி ஓரமாப் போவோம். கொஞ்சம் தூரம் கூடும், போவட்டும்" என்றாள்.

முதலில் மேற்குக் கடற்கரையில் நடக்கும் அரைத் தூரப் போட்டியைத் தேர்ந்தெடுத்தோம். ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் கடல் நீச்சல், தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், கடைசியில் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரக்கெடு உண்டு. தாண்டினால் நிறுத்திவிடுவார்கள்.

கடலில் பழகுவதற்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கடலூருக்குப் போனோம். துணைக்கு ஒரு படகுக்காரரை ஏற்பாடு செய்திருந்தோம். மூன்றாவது ஞாயிறு என்று நினைக்கிறேன், அலைகளைத் தாண்டி உள்ளே போனதும் நீரோட்டம் எங்களை வடக்கே இழுக்கத் தொடங்கியது. எனக்கு அது தெரியவே இல்லை. தலையைத் தூக்கிப் பார்த்தால் கரை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. படகுக்காரர் கத்தினார்: "ஏம்மா, எங்க போய்கினு இருக்கீங்க? கரை இந்தாண்ட கெடக்குது!" பயத்தில் உப்புத் தண்ணீரை விழுங்கிவிட்டேன். இருமல் வந்தது, இருமினால் மூழ்கினேன். அஞ்சலை பக்கத்தில் வந்தாள். என்னைத் தொடவில்லை. தொட்டால் நான் அவளையும் சேர்த்து அழுத்திவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். "மல்லாக்கப் படு. வானத்தப் பாத்து படு. நான் பேசிகினே இருக்கேன், நீ படுத்துகினே இரு" என்றாள். கோபத்திலும் அவசரத்திலும்தான் அவளுக்கு ஊர்ப்பேச்சு இப்படி வரும். கண்ட்ரோல் ரூமில் யார் யாரைத் திட்டினார்கள் என்று படகு வந்து சேரும்வரை என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தைகூட இப்போது நினைவில்லை. அந்தக் குரல் மட்டும் நினைவிருக்கிறது.

கரையேறிய பிறகு, இனி வரமாட்டேன் என்றேன். அவள் மறுத்துப் பேசவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டே, "வராட்டி போ. ஆனா இன்னிக்கே முடிவு பண்ணாத. பயம் இருக்குற அன்னிக்குப் பண்ற முடிவு ஒன்னோடது இல்ல, பயத்தோடது" என்றாள். அடுத்த ஞாயிறு நான் போனேன்.

போட்டிக்குப் போகும் ரயிலில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். யாருக்கு என்ன ஆனாலும் மற்றவள் நிற்கக் கூடாது. அவள்தான் சொன்னாள், நான் ஒத்துக்கொண்டேன்.

நீச்சலில் இரண்டு பேரும் தப்பித்தோம். சைக்கிளில் அவள் எனக்கு முன்னால் போனாள். திரும்பும் வழியில், முந்திரித் தோட்டங்களுக்கு நடுவே போகிற ஒரு சாலையோரம், அவள் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். பின் சக்கரம் பஞ்சர். மாற்று ட்யூபைப் போட்டுக் காற்றடிக்கும்போது அதன் வால்வும் முறிந்துவிட்டது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். நான் பிரேக்கைப் பிடித்தேன். அவள் நிமிர்ந்து பார்த்துக் கத்தினாள்: "போ! நின்ன, அப்பறம் ஒன்கிட்ட பேச மாட்டேன்! போடி!" முகமெல்லாம் சங்கிலி மசி. நான் போய்விட்டேன். கொஞ்ச தூரம்வரை அழுதுகொண்டே மிதித்தேன். ஆனால் மிதிப்பதை நிறுத்தவில்லை.

ஓட்டம் ஒரே பாதையில் திரும்பத் திரும்ப வரும் சுற்றுகளாக இருந்தது. பின்னால் வருபவர்களை எதிரில் பார்க்கலாம். முதல் சுற்றில் அவள் இல்லை. சைக்கிள் நேரக்கெடு முடிய இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். இரண்டாவது சுற்றில் எதிரில் வந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். வெயில் நெய்வேலி வெயில்தான், அது என்னை ஒன்றும் செய்யவில்லை. அவள் முகம் இல்லாததுதான் காலைப் பின்னுக்கு இழுத்தது. விழுந்துவிட்டாளோ, லாரி ஏதாவது, என்றெல்லாம் மனம் போனது. அப்போது ஒரு தண்ணீர்ப் பந்தல் அருகிலிருந்து குரல் வந்தது: "ஏய் லில்லி! தோள இறக்கி ஓடு!" அஞ்சலை வெறுங்காலோடு நின்றாள், கையில் ஐஸ் தண்ணீர்க் குவளை. அவள் காலில் இருந்த நேரக்கருவியைக் கழற்றிவிட்டார்கள். கடந்து போன யாரோ ஒருவர் எறிந்துவிட்டுப் போன ட்யூபை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். அவள் வந்து சேருவதற்குச் சற்று முன்புதான் நேரக்கெடு முடிந்திருந்தது. அவள் கண்கள் சிவந்திருந்தன. அதைப் பற்றி நான் எதுவும் கேட்கக் கூடாது என்பதுபோல் தண்ணீரை என் தலையில் ஊற்றினாள்.

நான் முடித்தேன். அவள் முடிக்கவில்லை. திரும்பி வரும் ரயிலில் பாதி வழிவரை ஜன்னலைப் பார்த்தபடி வந்தவள் திடீரென்று சிரித்துவிட்டாள். "இனிமே எனக்கும் போன் பண்ணுவானுங்க, பாரு" என்றாள். பண்ணவும் செய்தார்கள். திருவண்ணாமலையிலிருந்து ஒருவர், கோவையிலிருந்து ஒரு பெண். யாரிடமும் எதையும் மறைக்கவில்லை. "வால்வ முறிச்சது நான்தாங்க. பதட்டத்துல முறிச்சேன். ரோட்டு மேல குத்தம் இல்ல" என்று அவள் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்.

பிறகு முழுத் தூரப் போட்டி என்ற பேச்சு வந்தது. அது எல்லாமே இரண்டு மடங்கு. நிறையப் பேர் போகும் இரண்டு போட்டிகள் எங்கள் கைக்கு எட்டுவதுபோல் இருந்தன. ஒன்று வெப்பமான ஒரு தீவில், மற்றொன்று குளிர் நாட்டு ஏரிக்கரை ஊரில். நான் தீவு என்றேன். நமக்குப் பழகிய வெயில், பழகிய வியர்வை. அவள் ஏரி என்றாள். "வெயில நம்பாத லில்லி. பழகினதுதானேன்னு தண்ணி குடிக்காம போறவனத்தான் அது கீழ தள்ளுது. நாலு பேரு சொல்லிட்டாங்க. ஏரியில நிறுத்தினவன் எல்லாம் குளுரால நின்னவன். குளுர இங்கயே பழகிக்கலாம். அந்தத் தீவு ஏத்தத்த நெய்வேலியில எங்க போய்ப் பழகுவ?" எங்கள் ஊரில் மேடு என்றால் சுரங்கத்து மண்மேடுதான். அங்கே சைக்கிளோடு யாரையும் விடமாட்டார்கள்.

மார்கழியில் குவார்ட்டர்ஸ் பின்பக்கம் ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீரும் ஐஸ் கட்டியும் போட்டுக் கழுத்துவரை உட்கார்ந்து பார்த்தாள். தனசேகர் துண்டை வைத்துக்கொண்டு பதறிப்போய் நின்றார். "போதும் எழுந்திரு, பல்லு தந்தியடிக்குது!" "அடிக்கட்டும், வூட்டுக்குள்ள போய் டீ போடுங்க" என்றாள் இவள். பந்தலில் அன்று பேசப்பட்ட ஐஸ் தண்ணீர் இதுதான். பொங்கலுக்குப் பிறகு அவள் அந்த டிரம்மில் இறங்கவில்லை. இறந்தது கோடையில்.

நான் மருத்துவரைப் போய்ப் பார்த்தேன். பயந்துகொண்டேதான் கேட்டேன். வேறு பதில் வந்தால் அதையும் இங்கே எழுதியிருப்பேன். பிறவியிலேயே பலவீனமாக இருந்த ரத்தக் குழாய் அது என்றார். "உக்காந்து டிவி பாக்கும்போதும் வெடிச்சிருக்கலாம். மாசக்கணக்குக்கு முன்னாடி உக்காந்த ஐஸையோ, ஓடின ஓட்டத்தையோ இதுக்குக் காரணம்னு சொல்ல என்கிட்ட எதுவும் இல்ல." அதைத் தனசேகரிடம் சொன்னேன். "எனக்கு இது போதும்ங்க. ஆனா சொல்றவங்க சொல்லிகிட்டேதான் இருப்பாங்க. நீங்க எழுதிடுங்க" என்றார். எழுதிவிட்டேன்.

அவள் இறப்பதற்கு முந்திய மாலையிலும் நாங்கள் குளத்து வாசலில் சண்டை போட்டோம். தீவா, ஏரியா என்றுதான். பெயர் கொடுக்க இன்னும் சில வாரங்களே இருந்தன. நான் குரலை உயர்த்தினேன், அவளும் உயர்த்தினாள். சைக்கிள் ஸ்டாண்டில் இருந்த காவலாளி எட்டிப் பார்த்தார். கடைசியில் அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, "சரி, என் போட்டிக்கு நீ வராத. ஒன் போட்டிக்கு நீ போ. யாரு முடிக்கிறாங்கன்னு பாத்துடுவோம்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

காரியம் முடிந்த மறுநாள் தனசேகர் கேட்டார்: "அவ சொன்ன ஏரிக்குப் பேரு குடுத்துட்டீங்களா?"

"இல்லங்க. தீவுக்குக் குடுத்திருக்கேன்."

அவர் நிமிர்ந்தார். அவள் போன பிறகு முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. "அவளுக்குக் கோவம் வருமே?"

"வரட்டும்" என்றேன்.

அவள் நினைவாக நான் ஏரிக்குப் போயிருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். போனால் அவள் சொன்னது சரி என்று ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தினமும் காலையில் கடலூர்ச் சாலையில் எதிர்க்காற்றில் மிதிக்கும்போது அவளிடம் என் பக்கத்து நியாயத்தை எடுத்துச் சொல்கிறேன், அவளும் அவள் பக்கத்து நியாயத்தைச் சொல்கிறாள். சில நாள் அவள் சொல்வதுதான் சரியோ என்றும் படுகிறது. அந்தச் சண்டையைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அது முடிந்துவிட வேண்டாம்.