ஜெனரேற்றரைக் காப்பாற்றிய அதிருப்தி

சுனாமிக்குப் பிறகு எங்கள் ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்தது கொம்பியூட்டர். கட்டில்கள் பிறகுதான் வந்தன. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த சின்ன ஆஸ்பத்திரி அது. கரண்ட் கம்பங்களையெல்லாம் கடல் கொண்டுபோயிருந்ததால், கொம்பியூட்டரை ஓட்ட உதவி நிறுவனம் ஒரு ஜெனரேற்றரும் தந்தது. அவர்கள் போனதும் அதில் தடுப்பூசி பிரிட்ஜைக் கொழுவினோம். எங்களுக்கு வேண்டியிருந்தது அதுதான்.

நோயாளியின் விபரம் பதிந்து முடித்தால், 'இந்த முறைமை உங்களுக்குத் திருப்தியா?' என்று கொம்பியூட்டர் கேட்கும். விடை சொல்லாமல் அடுத்த ஆளைத் திறக்க விடாது. ஒருநாள் காய்ச்சலோடு வந்த மீனவர் ஒருவரைப் பதிந்தேன். ஆண் என்று போட்டும், கடைசி மாதவிடாய் எப்போது என்று கேட்டு அடம்பிடித்தது. வாய்க்கு வந்த ஒரு திகதியைப் போட்டேன். எட்டு மாதக் கர்ப்பம் என்று காட்டியது. எரிச்சலில் 'திருப்தியில்லை'யை அழுத்தப் போனேன். வார்ட் சிஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"புள்ள, குறை சொன்னா எல்லாத்தையும் கொண்டு போயிருவானுகள். மறுகா பிரிட்ஜுக்குக் கரண்டுக்கு எங்க போற?"

'மிகவும் திருப்தி' என்று அழுத்தினேன். எல்லோரும் அதையே அழுத்தினோம். தந்த சாமானைக் குறை சொல்வது எங்கள் பக்கத்தில் மரியாதையும் இல்லை.

அடுத்த வருடம் ஒரு காலை, நிறுவனத்தின் அதிகாரி லொறியோடு வந்தார். எல்லா ஆஸ்பத்திரிகளிலும் எங்களுக்குத்தான் கூடிய திருப்தி என்று கைகொடுத்துவிட்டுச் சொன்னார்:

"உங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லத்தானே. அதிருப்தியா இரிக்கிற ஆஸ்பத்திரிக்கு இதுகளைக் குடுக்கப்போறம்."

கொம்பியூட்டரும் ஜெனரேற்றரும் லொறியில் ஏறின. பிரிட்ஜ் நின்றது. தடுப்பூசி போட வந்த தாய்மார் குழந்தைகளோடு வாங்குகளில் உட்கார்ந்திருந்தார்கள். சிஸ்டர் லொறிக்கு முன்னால் போய் நின்றார்.

"தம்பி, எங்களுக்குத் துப்பரவாத் திருப்தியில்ல."

"வாயால சொன்னா ஏலாது சிஸ்டர். கொம்பியூட்டர்ல பதியணும்."

"அதுக்குக் கரண்ட் வேணுமே."

அதிகாரி கொஞ்சம் யோசித்தார். பிறகு இரண்டையும் இறக்கச் சொன்னார்.

திருப்தியில்லை என்று மாற்றினால், ஒவ்வொரு நோயாளியின் பதிவுக்கும் தனித்தனியாகக் காரணம் எழுத வேண்டும். மீனவரின் கர்ப்பத்திலிருந்து தொடங்கினோம். அதிகாரி பின்னேரம்வரை பார்த்திருந்துவிட்டு, "முடிஞ்சதும் சொல்லுங்க, வாறம்" என்று வெறும் லொறியோடு போனார்.

நாங்கள் நாளுக்கு ஒன்றிரண்டாக, ஆறுதலாகத்தான் எழுதினோம். நாட்டில் யுத்தம் முடிந்து புதுக் கரண்ட் கம்பம் நடும்வரை எழுதி முடிக்கவில்லை.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். யாராவது திருப்தியா என்று கேட்டால் உடனே ஓம் என்று சொல்லிவிடாதீர்கள். அவர் லொறியோடு வந்திருக்கிறாரா என்று முதலில் எட்டிப் பாருங்கள்.