கானா ஊர்க் கல்யாணத்துக்கு ஆறு ஜாடிகள்

1. திரும்பி வந்த சரக்கு

ஒரு புதன்கிழமை காலை ஆறு பானைகள் என் பட்டறைக்குத் திரும்பி வந்தன. ஞாயிற்றுக்கிழமை நாடகம். பானைகளில் விரிசல் இல்லை, பெயின்ட் உரியவில்லை. ஆனாலும் திரும்பி வந்தன.

ஜெலுத்தோங் வட்டாரத்தில் இருபத்தெட்டு வருடம் பைபர்கிளாஸ் பட்டறை வைத்திருந்தவன் நான். கோயில் ரதத்துக்கு யாளி, ஹோட்டல் வாசலுக்கு யானை, பேரங்காடிக்கு ஆள் உயர டுரியான் பழம் என்று எதைக் கேட்டாலும் செய்வோம். இப்போது ஓய்வு. இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு உபயோகப்படும் என்று எழுதுகிறேன். உபயோகப்படாவிட்டால் என்னிடம் வந்து சொல்ல வேண்டாம்.

பானைகளைத் திருப்பி அனுப்பியவர் ஆக்னஸ் டீச்சர். பள்ளியில் சரித்திரம் நடத்துபவர், சர்ச்சில் நாடகப் பொறுப்பு. பைபிளில் ஒரு சின்ன விஷயம் விளங்கவில்லையென்றால் அந்தக் காலத்து யூதர் வீட்டு வழக்கத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. அந்தக் கட்சியால் அதிகம் அடிபட்டவன் நான்தான்.

முந்தின வருடம் ஒரு விருந்துக் காட்சி. இயேசு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் பின்பக்கமாக வந்து நின்று அவர் பாதங்களைக் கண்ணீரால் நனைக்கிறாள். நான் மேசையும் நாற்காலிகளும் அனுப்பினேன். நாற்காலிகள் திரும்பி வந்தன. நாற்காலியில் இருப்பவரின் பாதம் மேசைக்கு அடியில் அல்லவா இருக்கும், பின்னால் நிற்கிறவள் எப்படித் தொடுவாள் என்று டீச்சர் கேட்டார். அந்தக் காலத்து விருந்துகளில் இடது முழங்கையை ஊன்றிச் சாய்ந்துகொண்டுதான் சாப்பிடுவார்களாம். தலை மேசைப்பக்கம், கால் வெளிப்பக்கம். மெத்தைகள் செய்து கொடுத்தேன். நாடகத்தன்று இரண்டு விருந்தாளிகள் நிஜமாகவே தூங்கிவிட்டார்கள்.

2. மோல்டு இருந்தது

இந்த முறை கானா ஊர்க் கல்யாணம். விருந்தில் திராட்சரசம் தீர்ந்துபோகிறது. அங்கிருந்த ஜாடிகளில் தண்ணீர் நிரப்பச் சொல்கிறார் இயேசு, தண்ணீர் திராட்சரசமாகிறது. டீச்சர் கொடுத்த தாளில் ‘கற்சாடி, பெரியது, ஆறு’ என்று தெளிவாக இருந்தது. படிக்கவும் செய்தேன். ஆனால் பட்டறையில் பொங்கல் பானை வார்க்கும் அச்சு, மோல்டு ஒன்று சும்மா கிடந்தது. மோல்டு இருக்கும்போது யோசிப்பது எங்கள் தொழிலில் பாவம். ஆறு பானை எடுத்து, செம்மண் கலர் அடித்து அனுப்பினேன். கல்யாண வீட்டில் பானை இருப்பதில் எந்தத் தமிழனுக்குச் சந்தேகம் வரும்?

என் புத்தி வேலையில் இல்லை என்பதும் உண்மை. அம்மா இறந்து பத்து நாள்கூட ஆகியிருக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை தீட்டு. இருபது வருடமாக நான் செய்துவந்த ரத வேலை அந்த வருடம் ஜுரு பக்கம் இன்னொரு பட்டறைக்காரருக்குப் போனது. கோயில் கமிட்டியைக் குறை சொல்லமாட்டேன். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன், இன்னும் கொஞ்சம் கடுமையாக. சர்ச் வேலை மட்டும் கையில் மிஞ்சியது. தீட்டு விஷயத்தை டீச்சரிடம் போனிலேயே சொன்னேன். சர்ச்சில் அதெல்லாம் பார்ப்பதில்லை என்றார்.

என் கோபமெல்லாம் அக்கா மேல். அம்மாவோடு அதே ப்ளாட்டில் இருந்தவர் அவர். நாங்கள் தகனம் முடித்துத் திரும்புவதற்குள் வீட்டைக் கழுவி, பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்து, மண்சட்டிகள் மூன்றையும் கீழே குப்பையில் போட்டுவிட்டார். அவற்றில் ஒன்று அம்மாவின் மீன்குழம்புச் சட்டி. அது எனக்கு வேண்டும் என்று அம்மா இருக்கும்போதே சொல்லிவைத்திருந்தேன். அக்காவுக்கும் தெரியும். லிப்டில் இறங்கிக் கீழே போவதற்குள் குப்பை லோரி கிளம்பிவிட்டது.

வேண்டுமென்றேதான் செய்தார் என்று முடிவு கட்டினேன். அன்றிலிருந்து அக்காவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. காரியம் முடிந்ததும் அந்த வீட்டுப் படி ஏறப்போவதில்லை என்று மனைவியிடம் சொல்லியும் வைத்திருந்தேன்.

3. தீட்டுப் பாடம்

பானைகளோடு டீச்சரும் பட்டறைக்கு வந்திருந்தார். தண்ணீர் ஊற்ற ஏதாவது ஒன்று இருந்தால் போதாதா, யார் கிட்டே வந்து தட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டேன்.

“அது குடிக்கிற தண்ணி இல்லண்ணே. கை கால் கழுவி சுத்தமாகுற தண்ணி. மண்பானையில தீட்டு பட்டுட்டா அவங்க கழுவி வைக்க மாட்டாங்க, ஒடைச்சுருவாங்க. சாவு வீட்டுல மூடாம இருந்த பானைகூட தீட்டுதான். கல்லுல தீட்டு ஒட்டாது. அதுக்குத்தான் அந்த வீட்டுல கல்லு ஜாடி.”

சொல்லி முடித்த பிறகுதான் மழிக்காத என் தாடியைப் பார்த்தார். முகம் மாறி, மன்னிப்புக் கேட்டார். நான் வேறொன்று கேட்டேன்.

“பித்தளைக்கு என்ன செய்வாங்க டீச்சர்?”

“செம்பு, வெண்கலம் எல்லாம் கழுவி எடுத்துக்கலாம்.”

“அப்ப எங்க அக்கா யூதர் வீட்டுல பொறந்திருக்கணும்லா,” என்றேன்.

டீச்சர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. மண் என்றால் வெளியே, உலோகம் என்றால் கழுவி உள்ளே. அக்கா எனக்கென்று தனியாக எதுவும் செய்யவில்லை, முறையைச் செய்திருக்கிறார். நான் ஆசைப்பட்ட சட்டி அந்த முறையில் மாட்டிக்கொண்டது. இது எனக்கும் தெரிந்த முறைதான். தெரிந்திருந்தும் பத்து நாள் கருவிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

4. சுண்ணாம்புக் கல்

கல் என்றதும் கருங்கல் கலர் அடிக்கப் போனேன். டீச்சர் போனை நீட்டினார். அங்கே தோண்டி எடுத்த ஜாடிகளின் படங்கள். மெத்தென்ற சுண்ணாம்புக் கல், வெளிறிய நிறம், கீழே கால் வைத்த பெரிய கிண்ணம் மாதிரி உருவம். மேலே சுற்றிச் சுற்றிக் கடைசல் பிடித்த கோடுகள்.

அந்த உருவத்துக்கு மோல்டு செய்ய நேரமில்லை. போலிஸ்டைரீன் என்ற வெள்ளை நுரைக் கட்டிகளை ஒட்டி, சூட்டுக் கம்பியால் அறுத்து வடிவம் கொண்டுவந்தோம். இதில் ஒரு கவனம் வேண்டும். பைபர்கிளாஸுக்குப் பூசும் ரெசினை நேராக அடித்தால் போலிஸ்டைரீன் கரைந்துபோகும். அதனால் சிமெண்டும் வெள்ளைப் பசையும் கலந்து இரண்டு கோட் பூசிக் காயவைத்தோம். கடைசல் கோடுகளை உடைந்த ரம்பத் துண்டால் இழுத்தேன். உள்ளே ஜாடிக்கொரு பிளாஸ்டிக் வாளி. சனிக்கிழமை மத்தியானம் ஆறும் போய்ச் சேர்ந்தன. டீச்சர் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். திரும்பி வரவில்லை என்றால் பாராட்டு என்று எடுத்துக்கொள்வேன்.

5. ஐந்தாவது மாடி

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு சமையலறைக்குப் போய் அக்காவிடம் பேசினேன். சட்டியைப் போட்டது முறைதான், நான் கோபப்பட்டது தப்பு என்றேன். அதைச் சொல்லி முடிக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அக்கா மூலையில் கிடந்த சாக்கை விலக்கினார். அம்மாவின் அம்மியும் குழவியும் இருந்தன, கழுவி மஞ்சள் தடவி.

“சட்டிய வைக்கக் கூடாதுடா. அதுக்குப் பதிலா இத அன்னிக்கே கழுவி ஒனக்குன்னு எடுத்து வெச்சேன். நீ மொகம் குடுத்துப் பேசுனாத்தானே சொல்றதுக்கு. கல்லுக்கு ஏதுடா தீட்டு?”

அம்மி முப்பது கிலோ இருக்கும். அன்று லிப்ட் பழுது. ஐந்து மாடி. மூன்றாவது மாடிப் படியில் அம்மியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுதேன். படியேறி வந்த ஒரு சீனர் என்ன என்று கேட்டார். கனம் என்று சொன்னேன்.

இளையவர்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். தாளில் கல் என்று இருந்தால் கல். மோல்டு இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். ஏன் கல் என்று முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஆறு பானை வேலை மிச்சமாகியிருக்கும். அக்காவிடமும் முதல் நாளே ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அன்று லிப்டும் ஓடிக்கொண்டிருந்தது.